ஐ.பி.எஸ். குடல் தொல்லைக்கு ஹிப்னோதெரபி: பணம் கட்டுவதற்கு முன் படிக்க வேண்டிய வழிகாட்டி

வயிற்று வலி, உப்புசம், ஓயாத பேதி என்று மாத்திரை சாப்பிட்டுச் சலித்தவரிடம் யாராவது ஒருவர், “ஹிப்னாடிசம் பண்ணிப் பாருங்களேன்” என்று சொல்லிவிடுவார். அங்கிருந்து அலைச்சல் தொடங்கும். நெட்டில் தேடினால் பூர்வஜென்மம் பார்ப்பவர் வருகிறார், ஊசி மருந்தில்லாமல் உடம்பை இளைக்க வைப்பவர் வருகிறார், நடுவில் எங்கோ முறையாகப் படித்த மனநல நிபுணரும் வருகிறார். மூன்று பேர் போர்டிலும் ஹிப்னோதெரபி (ஹிப்னாசிஸ், அதாவது ஹிப்னாடிசம் மூலம் சிகிச்சை) என்றே எழுதியிருக்கிறது.

எனக்கு இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், அதாவது ஐ.பி.எஸ். என்கிற குடல் பிரச்சினை பல வருடமாக இருக்கிறது. சென்னையில் இதற்காக ஹிப்னோதெரபி தேடியபோது, எதற்கு ஆதாரம் உண்டு, யாரிடம் போவது, என்ன காகிதம் வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று தமிழில் ஒழுங்காகச் சொல்ல ஆளே கிடைக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். மைக்ரேன், நாள்பட்ட வலி, ஆபரேஷன் பயம் போன்றவற்றுக்காகத் தேடுபவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. முதலில் நோயை உறுதி செய்துகொள்ளுங்கள்

ஹிப்னோதெரபிஸ்டைத் தேடும் முன் குடல் மருத்துவரிடம், அதாவது கேஸ்ட்ரோ டாக்டரிடம், போக வேண்டும். ஹிப்னாசிஸ் வலியைக் குறைக்கக்கூடியது. அதனாலேயே உள்ளே வேறு நோய் இருந்தால் அது தெரியாமல் நாள் கடந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

ஐ.பி.எஸ். என்று சொல்ல மருத்துவர்கள் ரோம் 4 என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு வலிக்குத் தொடர்பு இருப்பது, எத்தனை தடவை போகிறோம் என்பது மாறியிருப்பது, மலத்தின் தன்மை மாறியிருப்பது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் ஹிப்னோதெரபியை ஒத்திப்போட்டுவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்: மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய்.

பரிசோதனைகளை டாக்டர்தான் முடிவு செய்வார். வழக்கமாக முழு ரத்தப் பரிசோதனை, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி., கோதுமையில் உள்ள குளூட்டனால் தூண்டப்படும் சீலியாக் நோய்க்கான டி.டி.ஜி., மலத்தில் கால்புரோடெக்டின் ஆகியவற்றை எழுதுவார்கள். கடைசியாகச் சொன்னது தனியார் லேபில் விலை அதிகம். அது சாதாரணமாக இருந்தால் குடலில் அழற்சி இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு என்பதால், இளம் வயதினர் சிலருக்குக் குழாய் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபியே தேவைப்படாமல் போகலாம். அந்த வகையில் அது வீண் செலவு இல்லை.

2. உங்கள் தொல்லைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள்

‘ஹிப்னாசிஸ் உண்மையா, பொய்யா’ என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. எந்தத் தொல்லைக்கு, யார், எப்படிச் செய்கிறார்கள் என்று பிரித்துக் கேட்க வேண்டும். நான் ரொம்ப நேரம் செலவழித்தது இந்த இடத்தில்தான், நீங்களும் செலவழியுங்கள்.

ஐ.பி.எஸ்.ஸுக்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. மான்செஸ்டரைச் சேர்ந்த மருத்துவர் பீட்டர் ஹோர்வெல் 1984 இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், மருந்துக்கு அடங்காத 30 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் குடலை மையமாக வைத்த ஹிப்னோதெரபி, மற்றதற்கு மனநல ஆலோசனையும் வெற்று மாத்திரையும். ஹிப்னோதெரபி குழுவின் முன்னேற்றம் தெளிவாக அதிகம். முப்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அதே குழு 2003 இல் 204 நோயாளிகளின் நிலையை வெளியிட்டது. அதில் 71 சதவீதம் பேருக்குச் சிகிச்சை பலித்தது, பலித்தவர்களில் 81 சதவீதம் பேருக்கு ஒன்று முதல் ஆறு வருடம் கழித்துக் கேட்டபோதும் அந்தப் பலன் நிலைத்திருந்தது.

இந்த 71 சதவீதத்தைத்தான் விளம்பரங்களில் போடுகிறார்கள். அதோடு இன்னொரு எண்ணையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நெதர்லாந்தில் 354 பேரை வைத்து நடந்து 2019 இல் வெளியான ஆய்வில், மூன்று மாத முடிவில் ‘போதுமான நிவாரணம் கிடைத்தது’ என்று சொன்னவர்கள் தனி அமர்வு பெற்ற குழுவில் 40.8 சதவீதம். நோயைப் பற்றிய விளக்கமும் ஆதரவான பேச்சும் மட்டும் பெற்ற குழுவில் 16.7 சதவீதம். வித்தியாசம் உண்மையானது, ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் போதுமான நிவாரணம் கிடைக்கவில்லை. நான் நம்புவது இந்த இரண்டாவது எண்ணை. சிறப்பு மையத்துக்கு வெளியே, சாதாரண மருத்துவமனைகளில் என்ன நடக்கும் என்பதை அது காட்டுகிறது.

சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு, பன்னிரண்டு மாதம் மருந்து சாப்பிட்டும் குணமாகாத ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு ஹிப்னோதெரபியைப் பரிசீலிக்கலாம் என்று 2008 முதல் சொல்லிவருகிறது. அமெரிக்கக் குடல் மருத்துவக் கல்லூரியின் 2021 வழிகாட்டுதலும் குடலை மையமாக வைத்த உளச்சிகிச்சைகளைப் பரிந்துரைக்கிறது. உங்கள் டாக்டர் ‘அதெல்லாம் மேஜிக் ஷோ’ என்று ஒதுக்கினால் இந்த இரண்டு பெயரையும் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள்.

வலிக்கும் ஆதாரம் உண்டு. 85 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 ஆம் வருடத் தொகுப்பில், ஹிப்னாசிஸுக்கு நன்றாக ஒத்துப்போகும் ஆட்களுக்கு வலி 42 சதவீதமும் நடுத்தரமாக ஒத்துப்போகிறவர்களுக்கு 29 சதவீதமும் குறைந்தது. ஒத்துப்போகாதவர்களுக்குப் பலன் மிகக் குறைவு. ஆனால் இவை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய வலிகள், நாள்பட்ட மூட்டு வலியோடு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

சிகரெட் நிறுத்த ஹிப்னாசிஸ் என்று தெருவுக்குத் தெரு விளம்பரம் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2019 ஆம் வருடத் தொகுப்பு 14 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, மற்ற முறைகளைவிட இது மேல் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அதற்காகப் பெரிய தொகை கட்ட வேண்டாம்.

மறந்த நினைவை மீட்பது, பூர்வஜென்மம் பார்ப்பது இரண்டையும் முழுமையாகத் தவிர்த்துவிடுங்கள். ஹிப்னாசிஸில் வரும் நினைவு சாதாரண நினைவைவிடத் துல்லியமானது கிடையாது. நடக்காததையும் நடந்ததாக உறுதியாக நம்ப வைக்கும் ஆபத்து அதில் உண்டு. இதை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985 இலேயே எச்சரித்தது. இல்லாத ஒரு சிறுவயதுக் கொடுமையை ‘நினைவுபடுத்திக்கொண்டு’ வீட்டுக்குத் திரும்பினால் ஒரு குடும்பமே உடைந்துபோகும்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும்: இது வெறும் நம்பிக்கைதானே, வெற்று மாத்திரை கொடுத்தாலும் இதே பலன் வருமே? ஓரளவு சரி. ஹார்வர்டைச் சேர்ந்த டெட் கேப்சக் 2010 இல் 80 ஐ.பி.எஸ். நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், ‘இதில் மருந்தே இல்லை’ என்று சொல்லிக் கொடுத்த மாத்திரையால்கூட 59 சதவீதம் பேர் போதுமான நிவாரணம் பெற்றார்கள். எதுவும் கொடுக்காத குழுவில் 35 சதவீதம். சொல்லுக்கும் எதிர்பார்ப்புக்கும் குடலில் அவ்வளவு பலம் இருக்கிறது. ஹிப்னோதெரபி அந்தப் பலத்தையே எடுத்து, கவனத்தை ஒருமுகப்படுத்தி, திட்டமிட்டுப் பயிற்சியாகக் கொடுக்கிறது. மூளையிலும் இதன் தடம் தெரிகிறது. 1997 இல் சயன்ஸ் இதழில் வந்த ரெயின்வில் குழுவின் ஆய்வில், சுடுநீரில் கை வைத்தவர்களிடம் ‘இது அவ்வளவு தொந்தரவாக இல்லை’ என்று ஹிப்னாசிஸில் சொன்னபோது, வலியின் வேதனையைச் சுமக்கும் மூளைப் பகுதியின் செயல்பாடு மாறியது. பாசாங்கு செய்கிறார்கள் என்று ஒதுக்க முடியாமல் போனதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம்.

3. உங்களுக்கு எவ்வளவு ஒத்துவரும்?

ஹிப்னாசிஸுக்கு எல்லாரும் ஒரே மாதிரி வசப்படுவதில்லை. ஸ்டான்ஃபோர்டில் 1959 இல் உருவான அளவுகோல் இன்றும் ஆய்வுகளில் புழங்குகிறது. தோராயமாகப் பத்தில் ஒருவர் மிக ஆழமாகப் போகக்கூடியவர், அதே அளவு ஆட்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது, மற்றவர்கள் நடுவில். இந்தத் தன்மை வருடங்கள் போனாலும் பெரிதாக மாறுவதில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து அதே ஆட்களைச் சோதித்தபோதும் மதிப்பெண் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

எனவே ஒத்துவராவிட்டால் அது உங்கள் மனவலிமைக்கோ அறிவுக்கோ கொடுத்த மார்க் இல்லை. ‘நீங்கள் முழுசாக நம்பவில்லை, அதனால்தான்’ என்று எந்தத் தெரபிஸ்டாவது உங்கள்மேல் பழி போட்டால் அடுத்த அமர்வுக்குப் போகாதீர்கள்.

மனச்சிதைவு, பைபோலார் போன்ற தீவிர மனநோய் இருந்தாலோ முன்பு இருந்திருந்தாலோ, உங்கள் மனநல மருத்துவர் சம்மதிக்காமல் ஹிப்னோதெரபிக்குப் போகவே கூடாது. வலிப்பு நோய் இருந்தால் நரம்பியல் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

4. ஆளைத் தேர்ந்தெடுப்பது

இந்தியாவில் டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதைப் போல ஹிப்னோதெரபிஸ்டுக்கென்று தனிச் சட்டப் பதிவேடு கிடையாது. சனி, ஞாயிறு வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் போர்டு மாட்டலாம். சுவரில் தொங்கும் ‘சர்வதேச’ சான்றிதழ்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள்.

நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: ஹிப்னாசிஸே செய்யாவிட்டாலும் என் நோயைக் கையாளத் தகுதி உள்ளவரிடம் மட்டுமே ஹிப்னாசிஸுக்குப் போவேன். அப்படிப் பார்த்தால் இரண்டு வகையினர் மிஞ்சுகிறார்கள்.

முதலாவது, மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் மனநலத்தில் எம்.டி. அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவர். அவருடைய பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ நீங்களே இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

இரண்டாவது, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த படிப்பை முடித்தவர்களுக்கு சி.ஆர்.ஆர். எண் கொடுக்கப்படும். அதையும் கவுன்சிலின் தளத்தில் சரிபார்க்கலாம். எம்.எஸ்ஸி. சைக்காலஜி மட்டும் படித்துவிட்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். எண் கேட்டால் தெரிந்துவிடும்.

இந்த இரண்டு வகையிலும் ஹிப்னாசிஸில் பயிற்சி பெற்றவர்கள் குறைவு என்பதால் தேட நாளாகும். உங்கள் கேஸ்ட்ரோ டாக்டரிடமே ‘நீங்கள் யாரிடம் அனுப்புவீர்கள்?’ என்று கேளுங்கள். பெரிய மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளுக்கு போன் செய்யுங்கள். பணம் இடிக்கிறது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவில் தொடங்குங்கள், சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இருக்கிறது. அங்கே ஹிப்னோதெரபி கிடைக்காமல் போகலாம். ஆனால் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. என்ற உளச்சிகிச்சைக்கும் ஐ.பி.எஸ்.ஸில் ஆதாரம் உண்டு, அது கிடைத்தாலும் நல்லதுதான். எங்கே போவது என்றே புரியாவிட்டால் அரசின் மனநல உதவி அழைப்பு மையமான டெலி மானஸின் எண் 14416 க்கு அழையுங்கள், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

5. முன்பதிவுக்கு முன் போனில் கேளுங்கள்

கேட்கத் தயங்க வேண்டாம். “மேடம், எனக்கு ஐ.பி.எஸ். என்று டாக்டர் உறுதி செய்திருக்கிறார். குடலை மையமாக வைத்த ஹிப்னோதெரபி செய்வீர்களா?” என்று தொடங்கினால் பாதி விஷயம் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். அப்புறம் இவற்றைக் கேளுங்கள்:

- உங்கள் பதிவு எண் என்ன?
- எந்த நெறிமுறைப்படி செய்கிறீர்கள், எத்தனை அமர்வு? மான்செஸ்டர் முறையில் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு அமர்வுகள் வரை போகும். வட கரோலினா முறையில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஏழு அமர்வுகள், எழுதி வைத்த உரையை அப்படியே வாசிப்பார்கள். இரண்டையும் கேள்விப்பட்டதே இல்லை என்றால் யோசியுங்கள்.
- அமர்வு தமிழில் இருக்குமா? இது சின்ன விஷயம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் சொற்கள் வீட்டில் பேசும் மொழியில் இருந்தால்தான் மனம் மொழிபெயர்க்கும் வேலையில் இறங்காது.
- வீட்டுப் பயிற்சிக்கு ஆடியோ தருவீர்களா?
- கூட ஒருவரை அழைத்து வரலாமா?

கடைசிக் கேள்விக்கு ‘முடியாது’ என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். குறைந்தபட்சம் வெளியே காத்திருக்கவாவது விட வேண்டும். பெண்களும், பிள்ளைகளை அழைத்துப் போகும் பெற்றோரும் இதில் சமரசம் செய்யக் கூடாது.

6. எடுத்துப் போக வேண்டியவை

- ஐ.பி.எஸ். என்று டாக்டர் எழுதிய சீட்டு, முடிந்தால் பரிந்துரைக் கடிதம்
- ரத்தம், மலப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி செய்திருந்தால் அவையும்
- இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல், சித்தா, ஹோமியோபதி உட்பட
- முன்பு மனநல சிகிச்சை எடுத்திருந்தால் அதன் விவரம்
- இரண்டு வார நாட்குறிப்பு: வலி எத்தனை நாள், எவ்வளவு, எத்தனை தடவை போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள்

நாட்குறிப்போடு, தொல்லை எவ்வளவு கடுமை என்று அளக்கும் ஐ.பி.எஸ். தீவிர மதிப்பெண்ணையும் (IBS-SSS) போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நூறு, மொத்தம் ஐந்நூறு. 300 க்கு மேல் என்றால் தீவிரம். இது குறைந்தது 50 புள்ளி இறங்கினால்தான் உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘கொஞ்சம் பரவாயில்லை மாதிரி இருக்கிறது’ என்ற மயக்கத்தில் பணம் கட்டிக்கொண்டே போகாமல் இருக்க இந்த எண் உதவும்.

அங்கே ஒப்புதல் படிவம் கொடுத்தால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அமர்வை வீடியோ எடுக்கவோ, உங்கள் கதையை விளம்பரத்தில் பயன்படுத்தவோ அனுமதி கேட்கும் வரி இருந்தால் அடித்துவிடுங்கள்.

7. செலவும் காலமும்

சென்னையில் நான் விசாரித்த இடங்களில் பதிவு பெற்ற நிபுணர்கள் ஒரு அமர்வுக்கு 1,000 முதல் 3,000 ரூபாய் வரை சொன்னார்கள். ஏழு அமர்வு என்றால் 7,000 முதல் 21,000 ரூபாய். முதல் சந்திப்பு நீளமானது, அதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். மொத்தத் தொகையையும் முன்கூட்டியே கட்டச் சொல்லும் பேக்கேஜில் சேராதீர்கள். நான் போன ஒரு மையத்தில், பெயரைக்கூடச் சரியாகக் கேட்காமல், ‘இன்றே கட்டினால் பாதி விலை’ என்றார்கள். அமர்வுக்கு அமர்வு கட்டுவதுதான் பாதுகாப்பு. இரண்டாவது அமர்வில் பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். வழக்கமான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும், இதுவோ புறநோயாளி சிகிச்சை. ஓ.பி.டி., அதாவது புறநோயாளி வசதி சேர்த்த பாலிசியாக இருந்தால் முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் பதிவு எண், தேதி, சிகிச்சையின் பெயர் போட்ட ரசீது வாங்கி வையுங்கள்.

காலம் என்று பார்த்தால் பரிசோதனைகளில் தொடங்கி கடைசி அமர்வு வரை நான்கு, ஐந்து மாதம் ஒதுக்குங்கள். தேர்வு, கல்யாணம், வேலை மாற்றம் நெருங்கும் நேரத்தில் தொடங்கினால் பாதியில் விட்டுவிடத் தோன்றும். ஊரில் ஆள் கிடைக்காவிட்டால் வீடியோ அழைப்பிலும் செய்யலாம். மான்செஸ்டர் குழு ஸ்கைப்பில் செய்து பார்த்தபோது பலன் நேரடி அமர்வைவிடச் சற்றுக் குறைவாக இருந்தாலும் நன்றாகவே இருந்தது.

8. முதல் அமர்வு

தூங்கிப்போக மாட்டீர்கள், மயங்கிவிழ மாட்டீர்கள். வெளியே ஆட்டோ ஹாரன் அடிப்பதுகூடக் கேட்கும். சாய்ந்து உட்காரச் சொல்வார்கள், ஒரு புள்ளியைப் பார்க்கவோ மூச்சைக் கவனிக்கவோ சொல்வார்கள், பிறகு எண்ணிக்கொண்டே உடலைத் தளர்த்தச் சொல்வார்கள். அதன் பிறகுதான் குடலுக்கான பேச்சு வரும். மான்செஸ்டர் முறையில் வயிற்றின்மேல் உங்கள் கையையே வைத்து அதன் வெதுவெதுப்பு உள்ளே இறங்குவதை உணரச் சொல்வார்கள். ஆற்றை மனதில் பார்த்து, அதன் ஓட்டத்தைச் சீராக்கச் சொல்வதும் அதில் ஒரு பகுதி. உங்களுக்குத் தெரிந்த ஆற்றை, வாய்க்காலைக் கேட்டு வாங்குங்கள். நான் பார்க்காத பனிமலை ஓடையைவிடத் திருவையாற்றுப் படித்துறை எனக்குச் சீக்கிரம் கண்ணில் வந்தது.

அமர்வின்போது பிடிக்காத எதையும் மறுக்கலாம், கண்ணைத் திறந்து எழுந்துவிடலாம். முடிந்ததும் சிலருக்கு அசதி இருக்கும். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பைக்கை எடுங்கள். நடுவில் ‘சின்ன வயதில் உங்களுக்கு என்னவோ நடந்திருக்கிறது, தோண்டிப் பார்க்கலாமா?’ என்று பேச்சு திசை மாறினால், ‘வயிற்றுக்காக மட்டும்தான் வந்தேன்’ என்று அங்கேயே நிறுத்துங்கள்.

9. வீட்டுப் பயிற்சி, எப்போது நிறுத்துவது

வீட்டில் கேட்கும் ஆடியோவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். தினமும் பதினைந்து, இருபது நிமிடம். வீட்டில் ஆள் நடமாட்டம் அடங்கும் ஒரு நேரத்தைப் பிடித்துவையுங்கள். வண்டி ஓட்டும்போதோ அடுப்பில் பால் வைத்துவிட்டோ கேட்கக் கூடாது.

மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். முன்னேற்றம் தெரிந்தால் கேஸ்ட்ரோ டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

நான்காவது அமர்வுக்குப் பிறகு மதிப்பெண்ணை மறுபடி போடுங்கள். கொஞ்சமாவது இறங்கியிருந்தால் தொடருங்கள். சிலருக்குப் பலன் கடைசி அமர்வுகளில்தான் தெரிகிறது என்பதால், இறங்காவிட்டாலும் நெறிமுறையில் சொன்ன எண்ணிக்கையை முடித்துவிடலாம். முடிந்தும் 50 புள்ளி இறங்கவில்லை என்றால் ‘இன்னும் பத்து அமர்வு’ என்ற பேச்சுக்கு இணங்க வேண்டாம். உணவு முறைக்கும் இதே அளவு ஆதாரம் உண்டு: ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், ஹிப்னோதெரபியும் லோ ஃபாட்மேப் உணவு முறையும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. வெங்காயம், பூண்டு, கோதுமை, சில பருப்புகளைத் தற்காலிகமாக விலக்கும் அந்த முறையை உணவியல் நிபுணரின் மேற்பார்வையில் தொடங்குங்கள். ரிப்போர்ட்டுகள், நாட்குறிப்பு, மதிப்பெண்கள் இருக்கும் கோப்பை அங்கேயும் எடுத்துப் போங்கள்.